சிலந்தியின் விஷத்தை எழுதினீர்கள், அதன் குகையை எழுதவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெக்சிகோவின் குகைச் சிலந்தியைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான கடிதம், பொறுமையாகப் படித்துவிடுங்கள். செய்தியில் இருந்தது எதையும் பொய் என்று சொல்லமாட்டேன். பெரிய சிலந்தி, விஷம் உண்டு, குகையில் இருக்கிறது, உலகின் மிக ஆபத்தான சிலந்திகளில் ஒன்றுக்கு உறவு, எல்லாம் சரிதான். ஆனால் தலைப்பு முழுக்க விஷம், படம் முழுக்க விஷப்பல், முதல் பத்தி முழுக்க மரணபயம் என்று போட்டுவிட்டு, அந்த உயிர் எப்படிப்பட்ட இடத்தில் எதை நம்பிப் பிழைக்கிறது என்பதற்கு ஒரு வரிகூட ஒதுக்காமல் விட்டுவிட்டீர்கள். என் மனக்குறை அதுதான். ஏனென்றால் அந்தச் சிலந்தியைப் பற்றி இதுவரை தெரிந்த விஷயங்களில் சுவாரசியமானதும் முக்கியமானதும் அதன் இடம்தான். விஷம் கிட்டத்தட்ட எல்லாச் சிலந்திக்கும் உண்டு.

முதலில் அது கண்டுபிடிக்கப்பட்ட கதை. அதுவே உங்கள் செய்தியில் பாதிதான் இருந்தது. மெக்சிகோவின் மேற்கே, பசிபிக் கடலுக்கும் கலிபோர்னியா வளைகுடாவுக்கும் நடுவே நீளமாக இறங்கும் தீபகற்பத்தின் தென்பகுதி பாஹா கலிபோர்னியா சுர் என்ற மாநிலம். அதன் தலைநகரம் லா பாஸ். அந்த ஊருக்குத் தென்கிழக்கில் சியரா ககாச்சிலாஸ் என்று ஒரு சின்ன மலைத்தொடர் இருக்கிறது. வெயிலும் வறட்சியும் கள்ளிச்செடிகளுமாக இருக்கிற பகுதி. 2013-இல் அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று கணக்கெடுக்க, அமெரிக்காவின் சான் டியேகோ இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர்களும் மெக்சிகோ ஆய்வாளர்களும் சேர்ந்து போனார்கள். அப்போது ஜிம் பெர்ரியன் என்ற பூச்சியியலாளரும் அவருடைய சக ஆய்வாளர் மைக்கேல் வாலும் ஒரு சின்னக் குகையின் கூரையில் ஏதோ தொங்குவதைப் பார்த்தார்கள். அது சிலந்தி இல்லை. சிலந்தி உரித்துவிட்டுப் போன சட்டை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பாம்பு சட்டை உரிப்பது நமக்குத் தெரியும், எட்டுக்கால் பூச்சி உரிப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அதற்கு எலும்பு கிடையாது, வெளித்தோல்தான் எலும்பு. வளரவேண்டுமென்றால் அந்தத் தோலைக் கழற்றியாக வேண்டும். தலைப்பகுதியின் மேல் ஓடு முன்பக்கமாக விளிம்பில் பிளந்து மூடி மாதிரி மேலே தூக்கிக்கொள்ளும், பிறகு ஒவ்வொரு காலாக, உள்ளேயிருந்து மெல்ல மெல்ல இழுத்து எடுக்கவேண்டும். எட்டுக் காலும் வெளியே வரும்வரை அதனால் ஓடவும் முடியாது, கடிக்கவும் முடியாது. அதன் வாழ்க்கையிலேயே ரொம்ப பலவீனமான நேரம் அது. உரிந்த சட்டையில் கால்களில் உள்ள முடியும் இருக்கும், விஷப்பல்லின் உறையும் இருக்கும், கண்களின் மேல் இருந்த மெல்லிய படலமும்கூட அப்படியே இருக்கும். அதனால்தான் உயிருள்ள சிலந்தியைப் பார்க்காமலேயே அதன் கண்கள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்று அந்தச் சட்டையை வைத்துச் சொல்லிவிட முடிந்தது. எட்டுக் கண்கள், முன்னால் இரண்டு, நடுவில் நான்கு, பின்னால் இரண்டு என்ற வரிசை. அலையும் சிலந்திகள் என்று அழைக்கப்படும் டெனிடே குடும்பத்தின் அடையாளம் அது.

லா பாஸில் வேலை செய்யும் சிலந்தி நிபுணர் மரியா லூயிசா ஹிமெனெஸிடம் கேட்டார்கள். அவரும் அந்தக் குடும்பம்தான் என்று உறுதி செய்தார். அந்தக் குடும்பத்துச் சிலந்திகள் வலை பின்னி உட்கார்ந்து காத்திருப்பவை அல்ல, இரவில் நடந்து திரிந்து வேட்டையாடுபவை. அதனால் பகலில் தேடிப் பயனில்லை, குழு மறுபடியும் இரவு நேரத்தில் போய்த் தேடியது. குகைகளிலும், கைவிடப்பட்ட பழைய சுரங்கங்களிலும் உயிருள்ள சிலந்திகள் கிடைத்தன. அவற்றை ஏற்கெனவே தெரிந்த இனங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, இது புது இனம் மட்டுமல்ல, புதுப் பேரினமே என்று முடிவுக்கு வர வருஷக்கணக்கில் ஆனது. 2017 மார்ச்சில்தான் கலிஃபார்க்டீனஸ் ககாச்சிலென்சிஸ் என்ற பெயரோடு முறைப்படி வெளியானது. ஒரு கால் நுனியிலிருந்து எதிர்க்கால் நுனி வரை அளந்தால் சுமார் 10 செ.மீ. வரும். இவ்வளவு பெரிய உயிர் அத்தனை நாள் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது என்றால், அது தங்கியிருந்த இடமும் அது வெளியே வருகிற நேரமும்தான் காரணம். உங்கள் செய்தி இதை 'மர்மம்' என்று எழுதியிருந்தது. இதில் மர்மம் ஒன்றும் இல்லை. பகலில் குகைக்குள் மனிதர்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை, இரவில் குகைக்கு யாரும் போவதில்லை.

சரி, விஷத்துக்கு வருகிறேன். அதைத் தட்டிக்கழித்துவிட்டு குகை புராணம் பாடுகிறேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

உலகில் இதுவரை பெயரிடப்பட்டிருக்கும் சிலந்தி இனங்கள் 50,000-க்கு மேல். அவற்றில் யூலோபோரிடே என்ற ஒரு குடும்பமும் இன்னும் சில விதிவிலக்குகளும் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் விஷச் சுரப்பி உண்டு. நம் வீட்டுச் சுவரில் குதிக்கும் சின்னச் சிலந்திக்கும் உண்டு. விஷம் அதற்குச் சாப்பாட்டுக்கான கருவி. சிலந்தியால் மென்று விழுங்க முடியாது. பிடித்த இரை துள்ளித் தப்பித்துவிடாமல் அடக்க விஷம், அப்புறம் அதைக் கரைத்துக் குடிக்கச் செரிமான நீர். பூச்சியின் நரம்பை அடக்குவதற்காக உருவான அந்தக் கலவை மனித நரம்பையும் கடுமையாகத் தாக்குவது மிகச் சில வகைகளில் மட்டும்தான். கருப்பு விதவைச் சிலந்திகள், பழுப்பு வயலின் சிலந்திகள், பிரேசிலின் அலையும் சிலந்திகள், ஆஸ்திரேலியாவின் புனல்வலைச் சிலந்திகள் என்று ஒரு கை விரல்களில் அந்தக் கூட்டங்களை எண்ணிவிடலாம்.

இந்தக் குகைச் சிலந்தியை நீங்கள் கொடியது என்று எழுதியதற்குக் காரணம் அது பிரேசிலின் அலையும் சிலந்தி இருக்கும் அதே குடும்பத்தில் இருப்பது. போனியூட்ரியா என்ற அந்தப் பேரினம் உண்மையிலேயே ஆபத்தானது, அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. நரம்புகளில் சோடியம் போய்வரும் வாயில்களைக் குழப்பிவிடுகிற நஞ்சு அதில் இருக்கிறது. கடுமையான வலி, வியர்வை, ரத்த அழுத்தம் ஏறுவது என்று போகும். குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். ஆனால் பிரேசிலிலேயே அந்தக் கடிகளில் பெரும்பாலானவை வலியோடு நின்றுவிடுபவை, மாற்று மருந்து தேவைப்படுவது சிறு பங்குக்குத்தான், அந்த மருந்தையும் சாவ் பாவ்லோவில் இருக்கும் புட்டான்டான் நிறுவனம் தயாரிக்கிறது. ஆஸ்திரேலியாவின் புனல்வலைச் சிலந்திக்கு 1981-இல் மாற்று மருந்து வந்த பிறகு அதன் கடியால் அங்கே ஒரு மரணம்கூடப் பதிவாகவில்லை. இதையெல்லாம் சேர்த்து எழுதினால்தான் எச்சரிக்கை முழுமையாகும். கடித்தால் என்ன ஆகும், என்ன செய்யவேண்டும், எங்கே மருந்து இருக்கிறது என்று எதுவும் சொல்லாமல் கொடிய விஷம் என்று மட்டும் சொன்னால் படிப்பவருக்கு மிஞ்சுவது பயம் ஒன்றுதான்.

ஒரே குடும்பம் என்பதால் ஒரே அளவு விஷம் என்று ஆகிவிடாது. மெக்சிகோ சிலந்தியைக் கையாளும்போது தனக்குக் கடிபட்டதாக பெர்ரியனே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார், உயிரோடுதான் இருக்கிறார். அந்தப் பேட்டியின் மற்ற பகுதிகள் உங்கள் செய்தியில் இருந்தன, இந்த ஒரு வரி மட்டும் இல்லை. அது விடுபட்டதா விடப்பட்டதா என்று நான் கேட்கமாட்டேன். ஆனால் இருந்திருந்தால் அந்தத் தலைப்பை வைத்திருக்க முடியாது.

விஷத்தைப் பற்றி எழுதவேண்டும் என்றால் அதிலும் எழுத எவ்வளவோ இருக்கிறது. இந்தச் சிலந்திக்குப் பெயர் வந்த அதே 2017-இல் ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு புனல்வலைச் சிலந்தியின் விஷத்திலிருந்து ஹெச்ஐ1ஏ என்ற புரதத் துணுக்கைப் பிரித்தெடுத்து, பக்கவாதத்தில் மூளை செல்கள் சாவதை அது குறைக்கிறது என்று எலிகளில் காட்டினார்கள். கொல்வதற்குப் பெயர்பெற்ற ஒரு சிலந்தியின் விஷத்தில் மூளையைக் காப்பாற்றக்கூடிய ஒன்று இருக்கிறது. ஒரு குகைச் சிலந்தி அழிந்துபோனால் அதோடு சேர்ந்து அதன் விஷத்தில் என்ன இருந்தது என்பதும் போய்விடும், திரும்பச் செய்து பார்க்க வழியே இல்லை.

இப்போது குகை. ககாச்சிலாஸ் மலையில் வெளியே பகல் வெயில் தகிக்கும்போது குகைக்குள் சில அடிகள் போனாலே குளிர்ச்சி, ஈரக்காற்று. அலையும் சிலந்திகளின் குடும்பம் பெரும்பாலும் மழைக்காடுகளில், ஈரம் குறையாத இடங்களில் வாழ்கிற குடும்பம். அதில் ஒன்று இவ்வளவு வறண்ட தீபகற்பத்தில் நிற்கிறது என்றால் அந்தக் குகைகள் இல்லாமல் நின்றிருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். சட்டை உரித்த புதிதில் அதன் தோல் மெழுகு மாதிரி மென்மையாக இருக்கும், அந்த நேரத்தில் வறண்ட காற்றுப் பட்டால் உடம்பு நீர் சீக்கிரம் வற்றிவிடும். கூரையில் தொங்கியிருந்த அந்தச் சட்டைக்கு இதுதான் அர்த்தம் என்று நான் நினைக்கிறேன். ரொம்ப பலவீனமான நேரத்தைக் கழிக்க அது தேர்ந்தெடுத்த இடம் அந்தக் கூரை.

கைவிடப்பட்ட சுரங்கங்கள் இன்னொரு விஷயம். மனிதன் உலோகம் தேடிக் குடைந்துவிட்டுப் போன பள்ளங்களில் சிலந்தி குடியேறியிருக்கிறது. பழைய சுரங்கம் என்றால் ஆட்கள் விழுந்துவிடக் கூடாது என்று மண்ணைக் கொட்டி மூடுவது உலகம் முழுக்க வழக்கம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் மூடுவதற்கு வேறு வழியும் இருக்கிறது. அமெரிக்காவில் பல இடங்களில் சுரங்க வாயிலில் படுக்கைவாட்டில் கனமான இரும்புக் கம்பிகள் வைத்துக் கதவு போடுகிறார்கள். ஆள் நுழைய முடியாது, வௌவால் பறந்து போகலாம், காற்றும் ஈரமும் பழையபடி போய்வரும். வௌவாலுக்காகச் செய்தது, உள்ளே இருக்கிற மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்தே உதவுகிறது. இப்படி ஒரு கதவின் படத்தை விஷப்பல் படத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

குகை என்றாலே ஒரு ஓட்டை என்று நினைத்துவிடுகிறோம். குகைவாழ் சிலந்திகளிலேயே இரண்டு விதம் உண்டு. மெக்சிகோ சிலந்தியைப் போல வெளிச்சத்தோடு இன்னும் தொடர்பு உள்ளவை ஒரு விதம். அவற்றுக்கு எட்டுக் கண்ணும் இருக்கிறது, வேட்டைக்குத் திரிகின்றன. இன்னொரு விதம் இருட்டை விட்டு வெளியே வரவே முடியாதவை. அதைப் பற்றிச் சொன்னால்தான் நான் ஏன் இடத்தைப் பற்றி இவ்வளவு அழுத்திப் பேசுகிறேன் என்று புரியும்.

ஹவாய்த் தீவுகளில் கவாய் என்று ஒரு தீவு. அதன் தென்கரையில் கோலோவா என்ற பகுதி. எரிமலைக்குழம்பு ஓடியபோது மேற்பரப்பு ஆறி இறுகிவிட, உள்ளே குழம்பு மட்டும் வடிந்து ஓடிப்போய், குழாய் மாதிரி நீண்ட குகைகள் அங்கே மிஞ்சின. அந்தக் குகைகளில் ஓர் ஓநாய்ச் சிலந்தி இருக்கிறது, அடெலோகோசா அனாப்ஸ் என்று 1973-இல் பெயரிடப்பட்டது. ஓநாய்ச் சிலந்திகளின் பெருமையே கண்தான். பெரிய கண்கள், இரவில் டார்ச் அடித்தால் புல்வெளியில் புள்ளி புள்ளியாக மின்னும். கவாய்க் குகைச் சிலந்திக்குக் கண்ணே கிடையாது. குருடாகிப்போன கண் என்றுகூடச் சொல்ல முடியாது, இருந்த இடமே தெரியாது. வாழுமிடம் மொத்தமாக சுமார் 10.5 சதுர கிலோமீட்டர். உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

அது எதைத் தின்கிறது? குகைக்குள் செடி முளைக்காது. மேலே தரையில் வளரும் செடிகளின் வேர்கள் பாறை இடுக்குகள் வழியே குகைக் கூரையைத் துளைத்து உள்ளே தொங்கும். அந்த வேர்களில் அழுகிய பகுதிகளைத் தின்று ஒரு கண்ணில்லாத சிற்றிறால் வகை உயிர் பிழைக்கிறது, அதுவும் கோலோவாவில் மட்டுமே உண்டு. அதை இந்தச் சிலந்தி தின்கிறது. அவ்வளவுதான் அந்தச் சங்கிலி. அதாவது குகைக்குள் இருக்கும் சிலந்தியின் சாப்பாடு குகைக்கு மேலே வெயிலில் நிற்கும் புதரைப் பொறுத்தது. மேலே புதரை வெட்டிவிட்டுச் சிமெண்ட் போட்டால், குகைக்குள் ஒருவர்கூடக் கால் வைக்காமலேயே குகை செத்துப்போகும். காற்றில் ஈரம் கிட்டத்தட்ட முழு அளவு இருந்தால்தான் அந்த உயிர்களால் தாக்குப்பிடிக்க முடியும். எங்காவது புதிதாக ஒரு துளை விழுந்து வறண்ட காற்று உள்ளே வீச ஆரம்பித்தாலும் போதும், ஆழத்துக்கு ஒதுங்கும், ஒதுங்க இடமில்லாவிட்டால் முடிந்தது.

அதன் தாயைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மற்ற ஓநாய்ச் சிலந்திகள் நூறு, இருநூறு, முந்நூறு முட்டை என்று இடும். இது ஒரு முறைக்கு 15 முதல் 30 வரைதான் இடுகிறது. முட்டைப்பையை வாயில், அதாவது விஷப்பற்கள் இருக்கிற அந்தக் கொடுக்குகளிலேயே, கவ்விக்கொண்டு இருட்டில் நடக்கிறது. குஞ்சுகள் பொரிந்ததும் கொஞ்ச நாள் முதுகில் சுமக்கிறது. உங்கள் செய்தியில் பெரிதாகப் போட்டிருந்த உறுப்பை அந்தச் சிலந்தி இதற்கும் பயன்படுத்துகிறது. மனிதனுக்கு அதனால் ஒரு ஆபத்தும் இல்லை.

ஆனால் மனிதனால் அதற்கு உண்டு. கோலோவாவில் 1835-இலேயே கரும்புத் தோட்டம் வந்துவிட்டது, பிறகு கல் குவாரி, விடுதிகள், கோல்ஃப் மைதானங்கள் என்று மேல்தரை மாறிக்கொண்டே வந்தது. குகைக்குள் போகிறவர்கள் வேர்களை மிதித்து ஒடிப்பது, சிகரெட் பிடிப்பது என்பதெல்லாமும் ஆபத்துகளின் பட்டியலில் இருக்கின்றன. நிகோடின் ஒரு பூச்சிக்கொல்லி, காற்றோட்டமில்லாத குழாய்க்குள் அந்தப் புகை எங்கே போகும்? அதைவிட என்னை உலுக்கியது இது. மத்தியதரைக்கடல் பகுதியிலிருந்து மனிதர்களோடு சேர்ந்து உலகெங்கும் பரவிய ஒரு வயலின் சிலந்தி, மனிதர்களுக்கு ஆபத்தானது என்று நான் மேலே சொன்ன கூட்டத்தைச் சேர்ந்தது, கவாய்க் குகைகளுக்குள்ளும் நுழைந்து அங்கிருக்கும் கண்ணில்லாத சிலந்திக்குப் போட்டியாகவும் எமனாகவும் நிற்கிறது. குகை தானாக அதை வரவழைக்கவில்லை. நாம்தான் கொண்டுவந்து விட்டோம்.

2000-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க அரசு அந்தச் சிலந்தியையும் சிற்றிறாலையும் அழிநிலை உயிர்கள் என்று சட்டப்படி அறிவித்தது. 2003-இல் சுமார் 110 ஹெக்டேர் நிலத்தை அவற்றின் முக்கிய வாழிடம் என்று வரையறுத்தது. கவனியுங்கள், ஒரு எட்டுக்கால் பூச்சிக்காக ஒரு அரசு நிலத்தை அளந்து கோடு போட்டிருக்கிறது. உள்ளே இருக்கிற சிலந்தியைக் காப்பாற்ற மேலே இருக்கிற தரையைப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று சட்டமே ஒப்புக்கொண்ட கதை இது. இதில் செய்தி இல்லையா?

டெக்சாஸில் நடந்ததும் செய்திதான். சான் அன்டோனியோ பக்கத்தில் ஒரு குகையில் 1980-இல் கிடைத்த ஒரே ஒரு சிலந்தியை வைத்து 1992-இல் சிக்குரினா வெனியை என்று ஒரு இனத்துக்குப் பெயர் வைத்தார்கள். அதற்கு முன்னாலேயே 1990-இல் வீடு கட்டும் வேலையில் அந்தக் குகையின் வாய் மூடப்பட்டுவிட்டது. அப்புறம் 2012-இல் அதே நகரத்தில் வேறொரு இடத்தில், நெடுஞ்சாலைச் சந்திப்பு ஒன்றில் சுரங்கப்பாதை போடத் தோண்டியபோது ஒரு பாறை இடுக்கில் கண்ணில்லாத சிறு சிலந்தி ஒன்று கிடைத்தது. பார்த்தால் அந்த இனம். சுமார் 1.5 கோடி டாலர் வேலை நின்றது, கடைசியில் கீழே தோண்டாமல் மேம்பாலமாகக் கட்டினார்கள், அதற்குச் செலவு பல மடங்கு ஆனது. ஒரு பூச்சிக்கு இவ்வளவா என்று கோபப்பட்டவர்கள் அங்கேயும் நிறையப் பேர். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது, போக்குவரத்தில் தினமும் மாட்டிக்கொண்டவர்கள் அவர்கள். ஆனால் முப்பத்திரண்டு வருஷம் ஒருவர் கண்ணிலும் படாத உயிர் அந்தத் தரைக்குக் கீழே இருந்துகொண்டே இருந்திருக்கிறது என்பதை யோசித்தால், தோண்டுவதற்கு முன்னால் இன்னும் கொஞ்சம் நன்றாகப் பார்த்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றும். முன்கூட்டியே பார்த்திருந்தால் செலவும் குறைந்திருக்கும்.

பயமுறுத்தும் தலைப்பு வைத்தால்தான் வாசகர்கள் நின்று படிப்பார்கள் என்று உங்கள் தரப்பில் சொல்லலாம். நானும் ஒரு வாசகர்தான், தலைப்பைப் பார்த்துத்தான் நின்றேன், மறுக்கவில்லை. ஆனால் படித்து முடித்தவர் மனதில் என்ன தங்கும் என்று பாருங்கள். குகைக்குள் விஷச் சிலந்தி இருக்கிறது என்று படித்தவர் நாளைக்கு எந்தக் குகையில் எந்தச் சிலந்தியைப் பார்த்தாலும் செருப்பைத் தேடுவார், ஊருக்குப் பக்கத்தில் இருந்தால் மூடச்சொல்லி மனுக் கொடுப்பார். புகை போடுவார்கள், மருந்தடிப்பார்கள். அங்கே இருப்பது எந்த இனம் என்று யாரும் பார்ப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். கண்ணால் பார்த்தே இராத உயிர்களுக்கு ஆதரவாகப் பேச ஆள் கிடையாது. பத்திரிகையில் அதைப் பற்றி முதல்முதலாக வருகிற பத்தியே எதிராக இருந்தால் பிறகு திருத்துவது கஷ்டம்.

இன்னொன்றும் கவலையாக இருந்தது. செய்தியோடு ஒரு வரைபடம் போட்டு, மலையில் அந்தக் குகை இருக்கும் இடத்தைப் புள்ளி வைத்துக் காட்டியிருந்தீர்கள். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். பெரிய சிலந்திகளைப் பிடித்துச் செல்லப்பிராணியாக விற்கும் வியாபாரம் உலகில் நடக்கிறது, புது இனம் என்றால் விலையும் கூடும். அதற்கென்று போகாமல், சும்மா பார்த்துவிட்டு வரலாமே என்று போகிறவர்களாலும் சேதம்தான். குகைக்குள் ஒரு காலணித் தடம் பல வருஷம் அழியாமல் இருக்கும். மழை வந்து கழுவிவிடாது. வட அமெரிக்க வௌவால்களை 2006 முதல் லட்சக்கணக்கில் கொன்ற வெள்ளைமூக்கு நோயின் பூஞ்சை, குகைக்குப் போகிறவர்களின் காலணியிலும் உடையிலும் ஒட்டிக்கொண்டு இடம் மாறக்கூடியது. அதனால்தான் அங்கே குகை ஆய்வாளர்கள் ஒரு குகையில் போட்ட உடையைச் சுத்தம் செய்யாமல் அடுத்த குகைக்குப் போவதில்லை. மாநிலத்தின் பெயரும் மலைத்தொடரின் பெயரும் வாசகருக்குப் போதும்.

இணையப் பதிப்பில் அந்தச் செய்தி இன்னும் இருக்கிறது, திருத்த முடியும் என்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். தலைப்பிலிருந்து 'கொடிய' என்ற சொல்லை எடுக்கவேண்டும், அதற்கு ஆதாரம் செய்தியிலேயே இல்லை. கடிபட்ட ஆய்வாளர் உயிரோடுதான் இருக்கிறார் என்ற வரியைச் சேர்க்கவேண்டும். வரைபடத்தை நீக்கவேண்டும். அப்புறம் அந்த மலையின் வறட்சி, குகையின் ஈரம், பழைய சுரங்கங்கள், கூரையில் கிடைத்த சட்டை ஆகியவற்றைப் பற்றி ஒரு பத்தியாவது சேருங்கள். சிலந்தியைக் கண்டால் வெறும் கையால் தொடவேண்டாம், வழியை மறிக்காமல் விலகி நின்றால் அது தானாகப் போய்விடும் என்று ஒரு வரி போட்டால் எச்சரிக்கையும் ஆயிற்று. கவாய்ச் சிலந்தியைப் பற்றித் தனியாகவே ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரை போடலாம், எழுதக்கூடியவர்கள் உங்களிடம் இருக்கிறார்கள், பறவைகளைப் பற்றி உங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரைகளை விடாமல் படிப்பவன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

இடமில்லை என்றால் கடிதத்தைச் சுருக்கிப் போடுங்கள், ஆட்சேபணை இல்லை. வரைபடத்தை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்